சத்தம் குடிக்க வந்தவர்கள்

லிஃப்ட்காரரை ஓர் இடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரில் பாதி அடுக்குமாடிகளுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாகவே பிழைப்பு நடத்தி, உடம்பே அப்படிப் பழகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் முட்டி ஆடும். முடிவெட்டப் போனால் கடைக்காரர் பாதியில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, காது வேணுமா வேணாமா?" என்று கேட்பார். கால் சும்மா இருக்கிற அபூர்வமான நேரத்தில் கை அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பேன்ட் பையில் ஒரு சாவிக்கொத்து. எல்லாக் கட்டடங்களின் மோட்டார் அறைச் சாவியும் அதில் உண்டு. சலிப்புத் தட்டினால் அதை எடுத்து ஆட்ட ஆரம்பிப்பார். அவர் எந்த அறையில் சலித்துப்போய் இருக்கிறார் என்பது வீடு முழுக்கத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்று காலை, பீரோவின் அடியில் கிடந்த தடித்த கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்காருவதற்கென்றே ஓர் இடத்துக்குக் கிளம்பினார். அதுவும், வரவே கூடாது என்று பெற்ற மகள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன இடத்துக்கு.

மகள் செல்லோ வாசிக்கிறவள். வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்குமே, முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிப்பார்களே, அது. படிப்பெல்லாம் முடித்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கல்யாண வரவேற்பில் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே வாசித்துக்கொண்டு காலம் தள்ளினாள். இப்போது பழைய சர்ச் கட்டடத்தைக் கச்சேரி மண்டபமாக மாற்றி, அதற்கென்று ஓர் இசைக்குழுவும் அமைத்திருக்கிறார்கள். அதில் செல்லோவுக்கு ஒரே ஓர் இடம் பாக்கி. கடைசிச் சுற்றில் மூன்று பேர். மகள் அதில் ஒருத்தி. "இதுவும் கெடைக்கலைன்னா செல்லோவ வித்துட்டு ஏதாவது ஆபீஸ்ல போய் உக்காந்துடறேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அழவில்லை. அதைத்தான் லிஃப்ட்காரரால் தாங்க முடியவில்லை.

"அப்பா, நீங்க அங்க வரக்கூடாது. உங்களால சும்மா உக்கார முடியாது, எனக்குக் கை நடுங்கும்" என்றாள் முந்தின நாள்.

"அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்மா."

"போன தடவை என்ன பண்ணீங்க?"

போன தடவை வேறு ஒரு போட்டி. மகள் வாசித்து முடித்ததும் இவர் முன்வரிசையில் எழுந்து நின்று, "ஐயா, நேத்து வீட்ல இதைவிட நல்லா வாசிச்சா" என்று நடுவரிடம் சிபாரிசு செய்தார். மகள் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார் என்பதை யாருமே ஒப்புக்கொள்ளவில்லை.

சத்தியம் செய்துவிட்டாரே தவிர, காலையில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் செல்லோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பின கையோடு தன் அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

அக்கா அந்தச் சர்ச்சுக்கு அடுத்த தெருவில் இருக்கிறவள். அது சர்ச்சாக இருந்த காலத்தில் பாட்டுக்குழுவில் பாடினவள். வாய் கொஞ்சம் நீளம். இப்போது மண்டபத்து மேனேஜரம்மாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள். என்ன ஆள் என்று கேட்டால், உட்காரும் ஆள்.

விஷயம் இதுதான். அது கல் கட்டடம். முகப்பில் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத வட்டத் தூண்கள் வரிசையாக நிற்கும், தூண்களுக்கு மேலே பெரிய முக்கோணம். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் அதைக் கோர்ட்டு என்று நினைத்துக்கொண்டு கையில் கேஸ் கட்டோடு படியேறின கதையெல்லாம் உண்டு. உள்ளே படமும் இல்லை, வண்ணக் கண்ணாடியும் இல்லை. வெள்ளைச் சுவர், உச்சியில் அரைவட்ட ஜன்னல்கள், கட்டம் கட்டமாக ஒரு கூரை. காலியாக இருக்கும்போது அங்கே ஒருவர் தும்மினால் தும்மல் கூரையைச் சுற்றிவிட்டு நிதானமாக இறங்கி வரும். பிரசங்கத்துக்கு அது சரி. சங்கீதத்துக்கு ஆகாது, ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். ஆட்கள் நிறைய உட்கார்ந்தால்தான், அதுவும் தடித்த துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான், சத்தம் அடங்கும். அதனால் தேர்வு வைக்கும் நாளில் அக்கம்பக்கத்துக்காரர்களை அழைத்து, கோட்டும் சால்வையுமாக உட்கார வைக்கிறார்கள். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும்.

"நாமெல்லாம் சத்தம் குடிக்க வந்த பஞ்சு மூட்டைங்கடா" என்பாள் அக்கா. "முன்னாடி இதே எடத்துல பக்தியா இருக்கச் சொன்னாங்க. இப்ப குண்டா இருந்தா போதும்ங்கறாங்க."

தம்பி ஃபோனில் கேட்டதும் முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். "போட்டிக்கு வந்தவங்களோட சொந்தக்காரங்க யாரும் உள்ள இருக்கக் கூடாதாம். இருமிக்கூட ஜாடை காட்டலாமாம். தெரிஞ்சா அந்தப் பொண்ணையே தூக்கிடுவாங்க. உனக்கு அறிவிருக்கா?"

"நீ மட்டும் போற? நீ அவளுக்கு அத்தைதானே?"

"நான் அசையாம உக்காருவேன்."

"நானும் உக்காருவேன்."

"நீயா?" என்று சிரித்தாள். ஆனால் தம்பி மேல் அவளுக்கு ஒரு பலவீனம். சின்ன வயதில் இதே சர்ச்சில், பிரசங்க நேரத்தில் நெளிகிறான் என்று வாசல் தூணுக்குப் பின்னால் நிறுத்தப்படுவான். இவள் பாடிக்கொண்டே கண்ணால் வாசலைப் பார்ப்பாள். "வந்து தொலை. யாரோ மாதிரி உக்காரு" என்று ஃபோனை வைத்தாள்.

யாரோ மாதிரி உட்கார்ந்தார். நடுவரிசையில், தூண் ஓரமாக, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில். கோட்டு கழுத்தை அறுத்தது. முன்பு பலிபீடம் இருந்த அரைவட்ட மேடையில் இப்போது கறுப்புத் திரை தொங்கியது. வாசிக்கிறவர் ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் தெரியக் கூடாது என்பதற்காக அந்தத் திரை. நடக்கிற செருப்புச் சத்தத்தை வைத்துக்கூடக் கண்டுபிடிக்கக் கூடாதென்று மேடையில் கம்பளம் வேறு. நடுவர்கள் மேலே, பாட்டுக்குழு நிற்கும் மாடத்தில். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். யாருக்கு எந்த எண் என்பது திரைக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"நம்ம பொண்ணு எந்த நம்பருன்னு எப்படித் தெரியும்?" என்று அக்கா காதோடு கேட்டாள்.

"என் பொண்ணு வாசிக்கறது எனக்குத் தெரியாதா? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

அவர் வாய்ச் சவடால் விடவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். மூன்று பேருக்கும் ஒரே பாட்டுதான். மகள் சின்ன வயதிலிருந்து வாசித்துத் தேய்த்த பாட்டு. நடுவில் ஓர் ஏற்றம் வரும். அடிமட்டத்துச் சுரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு மாடியாக ஏறி, மொட்டை மாடிக்குப் போய் நிற்கும். மகளுக்கு அந்த இடத்தில் எப்போதும் ஓர் அவசரம். கடைசி இரண்டு மாடியைத் தாவிவிடுவாள். இவர் கூடத்திலிருந்து, "ஏம்மா ஓடற, கயிறு அந்து போச்சா?" என்று குரல் கொடுப்பார். ஏற்றத்தில் அவசரம் எங்கே வருகிறதோ, அதுதான் என் மகள். கணக்கு அவ்வளவு சுலபம்.

மேனேஜரம்மா மேடை ஓரத்தில் வந்து நின்று, "முதல் எண்" என்றார்.

முதல் எண் கனமாக, பிசகில்லாமல், மழைநாள் ஞாயிற்றுக்கிழமை மாதிரி வாசித்தது. ஏற்றத்தில் அவசரமே இல்லை. இது நம் ஆள் இல்லை என்று தெரிந்ததும் முட்டி ஆட ஆரம்பித்தது. அக்கா அதன் மேல் தன் கைப்பையை வைத்து அழுத்தினாள்.

"இரண்டாம் எண்."

முதல் வில் இழுப்பிலேயே லிஃப்ட்காரருக்கு என்னவோ செய்தது. அதில் ஒரு நடுக்கம் இருந்தது, ஓர் ஏக்கம் இருந்தது. அந்த ஏற்றம் வந்தது. கீழே நிதானமாக ஆரம்பித்து, பாதி தாண்டியதும், அதோ, ஓட்டம். கடைசி இரண்டு மாடியும் ஒரே தாவல். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் பொண்ணு. பயப்படுறா, பாவம். ஓடாதேம்மா, நான் இங்கதான் இருக்கேன். வாயைத் திறக்கவில்லை. முட்டி ஆடவில்லை. கண்ணில் தண்ணீர் இறங்கி மூக்கோரமாக வந்து கோட்டில் சொட்டியது, அதைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. வாழ்நாளில் அவர் அசையாமல் உட்கார்ந்தது அந்தச் சில நிமிஷங்கள்தான் என்று அக்கா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

"இவதான்" என்று வாசித்து முடித்ததும் அக்காவிடம் உதட்டை மட்டும் அசைத்தார். அக்கா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"மூன்றாம் எண்."

இனி நமக்கென்ன. கடமை முடிந்த மாதிரி லிஃப்ட்காரர் நாற்காலியில் சரிந்தார். அடக்கிவைத்த நெளிவெல்லாம் மொத்தமாக வந்தது. கழுத்தைச் சொறிந்தார். கூரையில் எத்தனை கட்டம் என்று பார்த்தார். கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்து, அவருக்கே தெரியாமல் ஆட்ட ஆரம்பித்தது. மெல்லிய சத்தம்தான். பக்கத்தில் அக்கா இடித்ததும் நிறுத்தினார்.

நிறுத்திய பிறகுதான் காதில் விழுந்தது. இந்த மூன்றாவது ஆள் சாமானியப்பட்ட ஆள் இல்லை. அலட்டிக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. மாடத்தில் ஒரு நடுவர் முன்னால் சாய்ந்து கைப்பிடியில் தாடையை வைத்ததை லிஃப்ட்காரர் பார்த்தார். முதல் இரண்டு பேருக்கும் அந்த ஆள் அப்படிச் சாயவில்லை.

போச்சு. என் பொண்ணு வேலை போச்சு. செல்லோவைத் துணிபோட்டு மூடி யாருக்கோ தூக்கிக் கொடுப்பாள். ஏதோ ஓர் ஆபீஸ் நாற்காலியில் போய் உட்காருவாள். அப்போதும் அழ மாட்டாள்.

பாட்டு ஏற்றத்தின் அடிக்கு வந்து நின்றது. வில் முதல் மாடிக்குக் கிளம்பியது.

அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் ஒரு காரியம் செய்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். மின்சாரம் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைச் சோற்றை விட்டு எழுந்து ஓடிப் போய்க் காப்பாற்றியவர். ஆனால் செய்தார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார், நாற்காலிக்கு வெளியே கையை நீட்டினார், விரலை விட்டார்.

மேடையில்தான் கம்பளம். கீழே பழைய கல் தரை. சாவிக்கொத்து விழுந்த சத்தம் தூணில் பட்டு, சுவரில் பட்டு, கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கோட்டுப் போட்ட அத்தனை பேராலும் அதைக் குடிக்க முடியவில்லை. எல்லாத் தலையும் திரும்பியது.

திரைக்குப் பின்னால் வில் நின்றது.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு தொடர்ந்தது. ஆனால் வேறு ஆள் வாசிக்கிற மாதிரி தொடர்ந்தது. அதுவரை நன்றாக வாசித்தது, இப்போது தனக்குத்தானே வாசித்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. யாரும் காத்திருக்கவில்லை, எங்கேயும் போக வேண்டிய அவசரமில்லை என்கிற மாதிரி, மேலே, இன்னும் மேலே, உச்சிக்குப் போய், அங்கே காற்று வாங்கிக்கொண்டு நின்றது. லிஃப்ட்காரருக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரு லிஃப்ட் தூக்கிப்போடாமல் மாடியில் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். தன் காரியம் தலைகீழாகப் போய்விட்டது என்றும் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் மேனேஜரம்மா விறுவிறுவென்று வரிசைக்கு வந்தார். "யாரோட சாவி?"

"என்னுதுங்க. வீட்டுச் சாவி. கை நழுவிடுச்சு, மன்னிச்சுக்கங்க" என்றாள் அக்கா, குனிந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டபடி. அந்தக் கொத்தைப் பார்த்தால் வீடு ஒரு தெரு நீளம் இருக்க வேண்டும். மேனேஜரம்மா முறைத்துவிட்டுப் போனார். அக்கா தம்பி பக்கம் திரும்பவே இல்லை. "வேணும்னே போட்ட. நான் பாத்தேன்" என்றாள், நேராகப் பார்த்துக்கொண்டே. "வெக்கமா இல்ல உனக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும், எதிராளி தேறிவிட்டான் என்பதை நினைத்தால் வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

நடுவர்கள் கீழே இறங்கி வர நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க லிஃப்ட்காரர் கோட்டுப் பொத்தானைத் திருகித் திருகிக் கையோடு பிய்த்துவிட்டார். தலைமை நடுவர் ஒரு பெண்மணி. மேடைக்கு முன்னால் நின்று, ஒரே வாக்கியத்தில் முடித்தார். "எங்களுக்குள்ள விவாதமே இல்ல. மூன்றாம் எண்."

"அநியாயம்" என்று லிஃப்ட்காரர் பாதி எழுந்துவிட்டார். அக்கா கோட்டு வாலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

திரையை விலக்கினார்கள். மூன்று பேரும் முன்னால் வந்தார்கள், நெஞ்சில் எண் அட்டையோடு. முதல் எண், கண்ணாடி போட்ட ஒரு பெண். இரண்டாம் எண், நெடுநெடுவென்று வளர்ந்து தாடி வைத்த ஓர் இளைஞன். யாரை நினைத்து லிஃப்ட்காரர் கண்ணீர் விட்டாரோ, அந்தத் தாடி.

மூன்றாம் எண் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு அவருடைய மகள் நின்றாள்.

எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாது. கூப்பிட முடியாது. யாரோ மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், அசைந்தால் கிடைத்த வேலையும் போய்விடும். மகளின் பார்வை வரிசை வரிசையாக வந்து, தூண் ஓரத்துக்கு வந்து, அவர் மேல் நின்றுவிட்டு, ஒன்றும் பார்க்காத மாதிரி நகர்ந்தது. அவர் அசையவில்லை.

கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், மகள் செல்லோப் பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். அக்கா அவளை இழுத்து முத்தம் கொடுத்தாள். லிஃப்ட்காரர் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"சத்தியம் பண்ணீங்களேப்பா" என்றாள் மகள். கோபம் இருந்தது, ஆனால் முகம் அதை வைத்துக்கொள்ள முடியாமல் மலர்ந்து கிடந்தது.

"நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"சாவி ஆடிச்சே. உலகத்துல வேற யாரு அப்படி ஆட்டுவா? அப்பா வந்துட்டாரு, இன்னிக்குத் தொலைஞ்சேன்னு நெனச்சேன். ஏதோ சமாளிச்சு வாசிச்சுட்டே போறேன், அப்பதான் அந்த மேல ஏற எடம். சரியா அங்க சாவி கீழ விழுந்துச்சு." மகள் சிரித்தாள். "அப்படியே நிம்மதியாயிடுச்சு."

"நிம்மதியா?"

"வீட்ல நான் பழகறப்போ எப்பவும் அதானே நடக்கும். சாவி ஆடினா அப்பாவுக்குப் போரடிக்குது. சாவி விழுந்தா அப்பா தூங்கிட்டாரு. அதுக்கப்புறம் யாரும் கேக்கலைன்னு என் இஷ்டத்துக்கு வாசிப்பேன். அந்த எடத்துல ஓடற பழக்கமே எனக்கு அப்படித்தான் போச்சு. அது போயி வருஷக்கணக்காச்சு, உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் தூங்கிடுவீங்களே."

குத்திக்காட்டவில்லை அவள். ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். இத்தனை வருஷமாக, பக்கத்து அறையில், கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை இன்னிக்கும் தூங்கினீங்க" என்றாள் மகள்.

அக்கா கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். வேண்டுமானால் தூங்கினதாகவே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துத் தெருப்பக்கம் பார்த்தாள். ஒரு தலையசைப்புப் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். லிஃப்ட்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். அதை ஆட்டவில்லை.

"தூங்கலம்மா" என்றார். "வேணும்னுதான் போட்டேன்."

"ஏன்?"

"ரெண்டாவது வாசிச்சது நீன்னு நெனச்சுட்டேன். அங்க ஓடினான் பாரு, அதான். மூணாவது யாரோன்னு நெனச்சேன். எங்க உன் வேலையப் பிடுங்கிடுவானோன்னு, கெடுக்கறதுக்காகப் போட்டேன்."

மகள் அவரையே பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று லிஃப்ட்காரர் நின்றார். திரும்பவும் இரண்டு மாதம் பேசாமல் இருந்தாலும் சரி, இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி.

"அப்பா" என்றாள் கடைசியில். குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. "அவ்ளோ நல்லாவா இருந்துச்சு?"

"பயந்துட்டேன்மா" என்றார்.